தங்கமுனைக் கேபிள்

திருச்செல்வத்துக்கு முதலில் தன் கண்ணின் மேல்தான் சந்தேகம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு கண்ணிலும் புரை எடுத்துக்கொண்டு வந்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் விளம்பரப் பலகையின் பொடி எழுத்துகூடப் பளிச்சென்று தெரிந்தது. டிவியில் அண்ணன் லோகனின் முகம் மட்டும் தெரியவில்லை. அடுத்து டிவியின் மேல் பழி விழுந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டு, பாதிச் சுவரை அடைக்கிற மாதிரி ஒன்று வாங்கி வைத்தார். முன்பு படத்தில் சின்னதாகப் பெய்த புள்ளி மழை இப்போது பெரிதாகப் பெய்தது. கண்ணும் தப்பித்தது, டிவியும் தப்பித்தது. குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு இனி டிவிக்கும் டிவிடி மெஷினுக்கும் நடுவில் ஓடுகிற கேபிள்தான் பாக்கி.

அண்ணனின் முகம் இருந்தது திருச்செல்வத்தின் கல்யாண வீடியோவில். எண்பத்தெட்டாம் வருடக் கல்யாணம் அது. தோளில் ஆட்டுக்கல் கனத்துக்குக் கேமராவைச் சுமந்துகொண்டு ஒருவர் வந்து எடுத்தார். அதற்குப் பிறகு இரண்டு தீபாவளிதான் லோகன் இருந்தார். அப்போது அவர் குடியிருந்த துறைமுக ஊரான போர்ட் கிள்ளானில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனவரைக் கொள்கலன் லோரி ஒன்று இடித்துவிட்டது. வீட்டில் மாலை போட்டு மாட்டியிருப்பது அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். அதில் லோகன் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி முறைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் அந்த மனிதர் முறைத்து யாரும் பார்த்ததில்லை. பேசும்போது சிரிப்பார், சாப்பிடும்போது சிரிப்பார், அப்பாவிடம் அறை வாங்கும்போதுகூடச் சிரித்து இன்னொன்று வாங்குவார். அந்தச் சிரிப்பு இந்தக் கொஞ்ச நாளாகத் திருச்செல்வத்துக்கு நினைவில் சரியாக வரவில்லை. கண்ணை மூடினால் முறைக்கிற படம்தான் வந்தது. அதுதான் அவருக்குப் பயம்.

வீடியோவில் லோகன் வருகிற இடம் மூச்சை இழுத்துவிடும் நேரம்தான். மண்டபத்தில் அறுந்து தொங்கிய தோரணத்தைக் கட்ட நாற்காலியில் ஏறுவார். கேமரா தன் பக்கம் திரும்புவதைப் பார்த்ததும் இரண்டு கையையும் அகல விரித்து, உடம்பை இப்படியும் அப்படியும் திருப்பி, "தெரியுதா?" என்று கத்துவார். மண்டபத்தில் இருந்தவர்களுக்கு அது கோமாளித்தனம். திருச்செல்வத்துக்கு மட்டும் தெரியும், அண்ணன் ஏரியல் ஆகி நிற்கிறார் என்று.

ஏரியல் கதையைச் சொல்லாமல் லோகனைச் சொல்ல முடியாது. அப்போது குடும்பம் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தது. காற்றடித்தால் கூரை மேல் நிற்கும் டிவி ஏரியல் திரும்பிவிடும். டிவியில் தமிழ்ப்படம் ஓடுகிற நாளாகப் பார்த்துத்தான் காற்றும் அடிக்கும். லோகன் கூரை மேல் ஏறுவார். திருச்செல்வம் ஜன்னலுக்கு வெளியே பப்பாளி மரத்தடியில் நிற்பார். டிவி முன்னால் உட்கார்ந்து படத்தைப் பார்ப்பது லோகனின் புதுப் பெண்டாட்டி இராஜம்மா. மாமியார் பக்கத்தில் இருக்கும்போது புருஷனைப் பார்த்துக் கத்துவதா? நினைத்துக்கூடப் பார்க்க முடியாத காரியம். அதனால் கூரையிலிருந்து "தெரியுதா?" என்று சத்தம் வந்ததும் அண்ணி ஜன்னல் பக்கம் சாய்ந்து, ரகசியம் சொல்கிற குரலில், "இன்னும் தெரியலைன்னு சொல்லுங்க தம்பி" என்பார். திருச்செல்வம் அதைத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்துவார்.

"ஏன்டா, என் பொண்டாட்டி பேசுறதைக்கூட உன் தொண்டையிலதான் கேக்கணுமா?" என்று மேலேயிருந்து லோகன் சிரிப்பார். "நீதான்டா எனக்கு ஒயரு!"

ஒரு நாள் லோகன் எங்கிருந்தோ தடித்த கறுப்பு ஒயர் ஒரு சுருள் கொண்டுவந்தார். பழைய தட்டை ஒயரைப் பிடுங்கிவிட்டு அதை மாட்டியதும் படம் கழுவித் துடைத்த மாதிரி வந்தது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள். நல்ல ஒயர் போட்டால் நல்ல படம் என்று அன்றைக்குத் திருச்செல்வத்தின் மண்டையில் ஆணி அடித்த மாதிரி ஏறியது. அந்தக் காலத்துக்கு அது பொய்யும் இல்லை.

அந்த ஆணியோடுதான் அவர் மாலில் இருந்த பெரிய கடைக்குள் நுழைந்தார். கழுத்துப்பட்டி கட்டிய விமலன் என்கிற விற்பனைப் பையன், நகைக்கடையில் அட்டிகை எடுத்துக் காட்டுகிற பக்தியோடு ஒரு பெட்டியைத் திறந்தான். உள்ளே வெல்வெட் மேல் கேபிள் படுத்திருந்தது.

"அங்கிள், இது சாதா செம்பு இல்ல, ஆக்ஸிஜன் எடுத்த செம்பு. ரெண்டு முனையும் தங்க முலாம். கறுப்பு இன்னும் கறுப்பா வரும். முகமெல்லாம் உயிரோட இருக்கும் லா."

முகமெல்லாம் உயிரோடு இருக்கும் என்று ஒருவன் சொல்லும்போது திருச்செல்வம் விலையா பார்ப்பார்? ஐந்நூறு வெள்ளிக்குப் பக்கத்தில் கொடுத்துவிட்டு, பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சில் அணைத்துக்கொண்டு வீடு வந்தார்.

அன்று மதியமே மாட்டினார். மறுநாளிலிருந்து புகழாரம் தொடங்கியது. "பாரு மலர், உன் கூறச்சேலை கலரைப் பாரு! இத்தனை நாளா இது அரக்கா, சிவப்பான்னே தெரியலையே. எவ்ளோ அழகா இருக்கு!" மனைவி மலர்விழி, "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாதஸ்வரக்காரரின் கடுக்கன் தெரிகிறது என்றார், மணவறைக் குத்துவிளக்கு மின்னுகிறது என்றார். ஆனால் லோகன் நாற்காலியில் ஏறுகிற இடம் வந்ததும் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடின, முகம் இருக்க வேண்டிய இடத்தில் பனி கொட்டியது, குரல் இருக்க வேண்டிய இடத்தில் இரைச்சல். கொஞ்சம் தேவலை என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். வார இறுதியில், இதைவிட ஒரு படி மேலே இன்னொரு கேபிள் இருக்கிறதாம், அதை வாங்கிவிட்டால் முகம் வந்துவிடும் என்று சட்டையை மாட்டினார்.

மலர்விழி கீரைக் கட்டைக் கீழே வைத்தாள். "ஏங்க, மொதல்ல வாங்கின தங்கக் கேபிளை மாட்டிப் பாருங்க. அப்புறம் அடுத்ததை வாங்கலாம்."

"என்ன சொல்ற? மாட்டித்தானே இருக்கு?"

"பெட்டியில இருக்கு. அது வெறச்சுக்கிட்டு வளைய மாட்டேங்குது. டிவியையே முன்னால தள்ளிக்கிட்டு நின்னுச்சு. கூட்டுறப்போ பார்த்தேன், டிவி விழுந்து தொலைக்கப் போகுதுன்னு கழட்டிட்டு, டிவிடி மெஷினோட ஓசியில வந்த கேபிளையே மறுபடி மாட்டிட்டேன். நீங்க வாங்கிட்டு வந்த அன்னைக்கு சாயந்திரமே."

திருச்செல்வம் டிவியைப் பார்த்தார். கேபிளைப் பார்த்தார். "ஏன் அப்பவே சொல்லலை?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க என் கூறச்சேலை அழகுன்னு ஆரம்பிச்சிட்டீங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து மொதல் வாட்டி சொல்றீங்க. நான் ஏன் அதைக் கெடுத்துக்கணும்?"

மனிதருக்கு வந்த கோபத்துக்கு எங்கே போய் இறங்குவது என்று தெரியவில்லை. நேரே மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போனார். ஒரு காலத்தில் பிரிக்ஃபீல்ட்ஸில் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்த ராசிக் இப்போது அங்கே கைப்பேசிக் கடை நடத்துகிறார். மேசைக்கு அடியில் இன்னமும் ஒரு பழைய வீடியோ மெஷின் உண்டு. கல்யாண வீடியோவை டிவிடி தட்டில் ஏற்றிக் கொடுத்தவரும் அவர்தான்.

"உன் தட்டுதான் கோளாறு" என்று எடுத்த எடுப்பிலேயே ஏறினார் திருச்செல்வம்.

ராசிக் சிரித்துக்கொண்டே தேநீர் வரவழைத்தார். தங்கக் கேபிள் கதையைக் கேட்டதும் சிரிப்பு இன்னும் கூடிவிட்டது. "திரு அண்ணே, நம்ம காலத்து ஒயரு வேற. ஒயரு மோசம்னா படம் மங்கும். இப்ப உள்ள கேபிளு தபால்காரன் மாதிரி. கடுதாசியைக் கொண்டாந்து போடுவான், அவ்ளோதான். ரொம்பத் தூரம் இழுத்தா, இல்ல கேபிளு கெட்டுப்போனா, படம் புள்ளி புள்ளியா மின்னும், கறுத்துப் போகும். மங்கலா மட்டும் வராது. தபால்காரனுக்குத் தங்கச் செருப்பு வாங்கிக் குடுத்தா கடுதாசியில கையெழுத்து அழகாயிடுமா?"

"அப்ப முகம் ஏன் தெரியலை?"

தட்டில் ஏற்றியபோது தன்னிடமே தங்கிவிட்ட மூலக் கேசட்டை ராசிக் எடுத்து, மூடியைத் தூக்கி, நாடாவைச் சுற்றி ஓர் இடத்தில் நிறுத்தினார். மற்ற இடமெல்லாம் வழவழப்பாகக் கிடந்த நாடா அங்கே மட்டும் நசுங்கி வெளுத்திருந்தது. "இந்தா பாருங்க. இங்க மட்டும் தேஞ்சிருக்கு. படத்தை ஓடாம நிறுத்தி வெச்சா மெஷின் அதே இடத்தைச் சொரண்டிக்கிட்டே இருக்கும். யாரோ இந்த எடத்துலயே நிறுத்தி நிறுத்திப் பாத்திருக்காங்க அண்ணே."

யாரோ என்ன யாரோ. லோகன் இறந்துபோன வருடம் முழுக்க, வேலை விட்டு வந்ததும் கேசட்டைப் போட்டு, அண்ணன் கையை விரிக்கிற இடத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தது யார்? அதற்கு மேல் படத்தை ஓட விட்டதே இல்லை. ஓடினால் அண்ணன் போய்விடுவாரே. கல்யாணமான புதிதில் ஒரு தடவை முழுதாகப் பார்த்தது. அன்றைக்கு மாப்பிள்ளை தன்னையும் பெண்ணையும் தவிர வேறு எதைப் பார்த்திருக்கப் போகிறார். பிரியத்தில் பார்த்துப் பார்த்தே அண்ணனின் முகத்தைத் தன் கையால் அழித்திருக்கிறார். தேநீர் ஆறிப்போனது. திருச்செல்வம் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவர் டிவி பக்கமே திரும்பவில்லை. மலர்விழிக்கு அது பொறுக்கவில்லை. மறுநாள் காலை தோசை வார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, அந்த வீடியோக்காரர் நமக்கு மட்டுமா கேசட்டு குடுத்தாரு? செமினியில எங்க அண்ணன் வீட்டுக்கு ஒண்ணு போச்சு. அது மேல புட்பால் மேட்ச் புடிச்சிட்டாங்க, அதை விடுங்க. இன்னொண்ணு, கல்யாணம் முடிஞ்சு போர்ட் கிள்ளானுக்கு விருந்துக்குப் போனோமே, அப்ப வெத்தலை பாக்கோட வெச்சு இராஜம்மா அக்காகிட்ட நான்தான் குடுத்தேன்."

திருச்செல்வத்தின் கை தோசையில் நின்றது. இராஜம்மா அண்ணியிடம் அதைக் கேட்பதா? வருடம் தவறாமல் தீபாவளிக்குப் போகிறார்கள். முறுக்கு சாப்பிடுவார்கள், முட்டி வலியைப் பேசுவார்கள், மழையைப் பேசுவார்கள். லோகன் என்ற பெயரை மட்டும் அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. பிள்ளைகுட்டி இல்லாமல், துறைமுகக் கிடங்கில் பெட்டி அடுக்கித் தனியாகவே காலம் தள்ளிய அண்ணியின் முன்னால் அந்தப் பெயரை எடுக்கத் திருச்செல்வத்துக்குத் துணிச்சல் வந்ததே இல்லை.

கேசட்டுக்காகப் போன அந்த முறையும் வரவில்லை. போர்ட் கிள்ளான் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். மலர்விழிதான் குறுக்கே விழுந்து கேட்டாள்: "அக்கா, எங்க கல்யாணக் கேசட்டு உங்ககிட்ட இருக்கா? எங்களுது தேஞ்சு போச்சு. மாமா முகமே தெரியலை."

இராஜம்மா எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே துண்டில் சுற்றிய கேசட், அதைச் சுற்றிலும் வெள்ளைப் பொட்டலங்கள். கப்பலில் வரும் சரக்குப் பெட்டிகளில் ஈரம் உறிஞ்சப் போடுவார்களே, அவை. பொட்டலம் நமுத்தால் கிடங்கிலிருந்து புதிது கொண்டுவந்து மாற்றியிருக்கிறார்.

"நான் பாத்ததே இல்ல தம்பி" என்றார். "அப்ப எங்க வீட்டுல மெஷினு இல்ல. போனஸ் வந்ததும் வாங்கிப் பாப்போம் இராஜம்மான்னு சொன்னாரு. அதுக்குள்ள போயிட்டாரு."

"அதுக்கப்புறம் எங்க வீட்டுக்கு வந்து பாத்திருக்கலாமே அண்ணி?"

"பாத்தா வருவாரு. பாத்து முடிஞ்சதும் மறுபடி ஒருவாட்டி போயிருவாருல்ல?" இராஜம்மா டின்னை மலர்விழியின் மடியில் வைத்தார். "எடுத்துட்டுப் போங்க. காப்பி எடுத்துக்குங்க. எனக்கு மட்டும் போட்டுக் காட்டாதீங்க."

ராசிக் ஓரங்களில் இருந்த பூஞ்சணத்தைத் துடைத்து, பதமாக ஓட்டி, புதுத் தட்டில் ஏற்றினார். "கண்ணாடியாட்டம்னு சொல்ல மாட்டேன் அண்ணே. ஆனா ஆளு நல்லாத் தெரியுறாரு" என்று போனில் சொன்னார். தட்டு கைக்கு வந்ததும் திருச்செல்வம் ஓடிப்போய்ப் போடுவார் என்று மலர்விழி எதிர்பார்த்தாள். அவர் அதை மேசை மேல் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். ஆசை இல்லாமல் இல்லை. "இது அண்ணியோட படம் மலர்" என்றார். "அவங்க பாக்கலைன்னாலும் பரவால்ல. அவங்க வீட்டுலதான் போடணும்."

ஞாயிற்றுக்கிழமை டிவிடி மெஷினைச் சந்தைக்குக் கொண்டுபோகிற பாசார் பையில் வைத்துக்கொண்டு இருவரும் சென்ட்ரல் நிலையத்தில் கொமுட்டர் புறநகர் ரயில் ஏறினார்கள். வெல்வெட் பெட்டியும் பையில் இருந்தது. வாங்கின காசுக்கு இன்றைக்காவது அது உழைக்கட்டும் என்று அவருக்கு நினைப்பு. இராஜம்மா அவர்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "நீங்க பாருங்க தம்பி. எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று சமையலறைக்குள் போய்விட்டார்.

அண்ணியின் டிவி சின்னது. அலமாரிப் பொந்துக்குள் உட்கார்ந்திருந்தது. தங்கக் கேபிளை எப்படித் திருப்பினாலும் அங்கே நுழையவில்லை. மலர்விழி பையிலிருந்து ஓசிக் கேபிளை எடுத்து நீட்டினாள். திருச்செல்வம் வாங்கி மாட்டினார்.

படம் வந்தது. நாதஸ்வரம் வந்தது. இப்போது இல்லாத எத்தனையோ பேர் மணவறைக்கு முன்னால் நடமாடிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா ஒருவர் கேமராவைக் கண்டதும் மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்தார். பிறகு தோரணம் அறுந்தது. லோகன் நாற்காலியில் ஏறினார்.

முகம் தெரிந்தது. வியர்வையில் நெற்றித் திருநீறு கலைந்திருந்ததுகூடத் தெரிந்தது. பல்வரிசை முழுக்கத் தெரிய, கண் இடுங்க, அதே சிரிப்பு. திருச்செல்வம் டிவிக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். அண்ணன் கையை விரித்ததும் தம்பியின் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் ரிமோட்டின் நிறுத்தும் பொத்தானைத் தேடியது. மலர்விழி ரிமோட்டைக் கையிலிருந்து மெல்லப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஓடட்டுங்க" என்றாள்.

"தெரியுதா?" என்று லோகன் கத்தினார். இரைச்சல் இல்லாத, சுத்தமான குரல். முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாக அந்தக் கேள்வி தன்னைப் பார்த்துக் கேட்டது என்றுதான் திருச்செல்வம் நினைத்திருந்தார். ஆனால் அண்ணனின் கண் மணவறைப் பக்கமே இல்லை. கேமராவைத் தாண்டி வேறு எங்கோ பார்த்தது. கேமராக்காரரும் அதைக் கவனித்திருக்க வேண்டும். படம் அந்தப் பக்கம் திரும்பியது. பெண்கள் கூட்டத்தில், குங்குமத் தட்டோடு இளவயது இராஜம்மா நின்றார். வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தார், ஓரக்கண்ணால் மாமியாரைப் பார்த்தார், முகத்தைத் தாழ்த்திக்கொண்டார். பதில் சொல்லவில்லை. படத்துக்கு வெளியே லோகன் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

தனக்கென்று வைத்திருந்த ஒன்று கைவிட்டுப் போன மாதிரித் திருச்செல்வத்துக்குச் சுருக்கென்றது. அது ஒரு கணம்தான். அதன் மேலேயே ஒரு சந்தோஷம் வந்து உட்கார்ந்தது.

"தெரியுதுங்க!"

திருச்செல்வம் திடுக்கிட்டுத் திரும்பினார். சமையலறை வாசலில் கையில் கரண்டியோடு இராஜம்மா நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அண்ணியின் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்து அவர் கேட்டதில்லை. கூரை மேல் நிற்பவருக்குச் சொல்கிற சத்தம் அது.

"தெரியுதுங்க, நல்லாத் தெரியுது!"

ஜன்னலோரம் நின்று அதை வாங்கிக் கத்த ஒரு தம்பி தேவைப்படவில்லை. திருச்செல்வம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படத்தில் பந்தி தொடங்கியிருந்தது. இராஜம்மா வந்து மலர்விழியின் பக்கத்தில் உட்கார்ந்தார். கரண்டி கையிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, பழைய ரகசியக் குரலில் கேட்டார்: "தம்பி, இன்னொருவாட்டி போடலாமா? தேஞ்சு போயிடாதே?"

"தேயாது அண்ணி" என்றார் திருச்செல்வம். "இது எத்தனை வாட்டி போட்டாலும் தேயாது."

மலர்விழி பொத்தானை அமுக்கினாள். லோகன் மறுபடி நாற்காலியில் ஏறினார்.